காட்டோடையில் வெயில் பட்ட நுரை வெளுத்துப்போகிறது: என்ன செய்யலாம்?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை ஓடையில் எடுத்த படங்களைப் பற்றி ஒரு கேள்வி. துறையூர், உப்பிலியபுரம் வழியாக நாங்கள் போய்ச் சேரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் மரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுகிறது. பாறை இடுக்கில் இறங்கும் தண்ணீரில் வெயில் பட்ட இடமெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது, நுரையின் இழை எதுவும் தெரிவதில்லை. நுரையைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்தால் பாறைகள் கரியாகி, பின்னால் இருக்கும் மரங்கள் காணாமல் போகின்றன.

ஆறு, வாய்க்கால், வயல் என்று திறந்த வெளியிலேயே எடுத்துப் பழகிய டெல்டாக்காரர்கள் நாம். நம் பக்கம் ஆற்றுக்குள் கல் பார்க்க வேண்டுமென்றால் படித்துறைப் படிக்கட்டுதான். அதனால் இந்தக் காட்டு வெளிச்சம் எனக்குப் புதிது.

கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், ஒரு ட்ரைபாட். ஃபில்டர் எதுவும் இல்லை. அரையாண்டு விடுமுறையில் மறுபடி போகிறோம். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசரா (பளபளப்பைக் குறைப்பது), என்டியா (வெளிச்சத்தை மட்டும் குறைப்பது)?

மன்னைவாசி

ஃபில்டர் அப்புறம். ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில்) எடுக்கிறீர்களா, ஜேபெக்கிலா (கேமரா சுருக்கித் தரும் கோப்பிலா)? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அரசலாறு (கும்பகோணம்)

இரண்டும் சேர்த்து. வெளிச்ச அளவைக் கேமராவிடமே விட்டிருந்தேன், படம் முழுக்கப் பார்த்து அளக்கும் முறையில்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

தம்பி, உங்கள் கேமராவில் கோளாறு இல்லை. நீங்கள் நின்ற இடத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 11 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/250 விநாடி வரும். அடர்ந்த மரநிழலில் அதே ஐஎஸ்ஓ, அதே அபெர்ச்சருக்கு 1/2, 1/3 விநாடி கேட்கும். இடையில் ஆறேழு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால், ஏழு ஸ்டாப் என்றால் 128 மடங்கு. இது விழுகிற வெளிச்சத்தின் வித்தியாசம் மட்டும்தான். அதற்கு மேல், நுரை வெள்ளை, விழுந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். நனைந்த பாறை கறுப்பு, கொஞ்சம்தான் திருப்பும். அந்த வகையில் இன்னொரு மூன்று நான்கு ஸ்டாப் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, வெயிலில் இருக்கும் நுரைக்கும் நிழலில் இருக்கும் ஈரப்பாறைக்கும் நடுவே பத்து ஸ்டாப் தாண்டிப் போகிறது. இப்போதைய நல்ல சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில், ராவில், பன்னிரண்டு பதின்மூன்று ஸ்டாப் வரை வாங்கும் என்பார்கள். ஆனால் அதன் கடைசிப் படிகளில் இருப்பது பெரும்பாலும் புள்ளிப் புள்ளியான இரைச்சல். ஜேபெக்கில் வரம்பு இன்னும் குறைவு.

எனவே முதல் வேலை, கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள். எரிந்துபோன இடம் மினுக்கும். நுரை மினுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துவிட்டு, நிழலை ராவில் தூக்குங்கள். இருட்டிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். வெளுத்துப் போன நுரையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே எடுக்க எதுவும் பதிவாகியிருக்காது. கேமரா காட்டும் எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவல் வரைபடம்) ஜேபெக்கை வைத்துப் போடுபவை என்பதால், லேசாக மினுக்கினாலும் ராவில் சிறிது மிச்சம் இருக்கும். அதை நம்பி நிறைய ஏற்றிவிட வேண்டாம்.

மன்னைவாசி

இவ்வளவு யோசிப்பானேன்? ட்ரைபாட் இருக்கிறது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம். எச்டிஆர் வந்ததே இதற்காகத்தானே.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

கோயில் மண்டபத்தில் அது அருமையாக வேலை செய்யும், தூண் நகராது. ஓடையில் மூன்று படத்திலும் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும், இலை ஆடியிருக்கும், வெயில் துண்டே சற்று நகர்ந்திருக்கும். மென்பொருள் அதையெல்லாம் சேர்க்கும்போது நுரைக்குச் சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. செய்வதானால் தானியங்கியாகச் சேர்க்காமல், தண்ணீரை ஒரே படத்திலிருந்து முழுசாக எடுத்து, பாறையையும் மரத்தையும் மட்டும் இன்னொன்றிலிருந்து கையால் மாஸ்க் போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) சேர்க்க வேண்டும். காற்று அடித்தால் இலைக்கென்று தனியாக, ஐஎஸ்ஓவை ஏற்றி, வேகமான ஷட்டரில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குடமுருட்டி (திருவையாறு)

எல்லோரும் வெயிலும் நிழலும் கலந்த அந்த ஒரே காட்சியை எப்படியாவது கேமராவுக்குள் திணிக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓடைப் படத்தில் முக்கால் வேலை ஷட்டரை அமுக்குவதற்கு முன்னால் நடக்கிறது. வெயில் எதன் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வெயில் நுரையில் விழக்கூடாது. இலையில் விழலாம், பாசியில் விழலாம், அடிமரத்தில் விழலாம், தெளிந்த தண்ணீருக்கு அடியில் இருக்கும் கூழாங்கல்லில் விழலாம். அவை எல்லாம் நடுத்தரமான, இருண்ட நிறங்கள். வெயில் பட்டாலும் சென்சாரின் வரம்புக்குள் நிற்கும். நுரைதான் ஏற்கெனவே வெள்ளை, அதன் மேல் வெயிலும் விழுந்தால் தாங்காது. வெண்ணாற்றங்கரை சார் போட்ட கணக்கே இதைத்தான் சொல்கிறது. நுரை நிழலுக்குள் வந்துவிட்டாலே அந்தப் பத்து ஸ்டாப்பில் பாதி குறைந்துவிடுகிறது.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? ஓடையோடு மேலும் கீழும் மெதுவாக நடங்கள். கேமராவை எடுக்கவே வேண்டாம். சிறு சிறு சரிவாகத் தண்ணீர் விழும் இடங்களில், எது அப்போது முழு நிழலில் இருக்கிறது என்று பாருங்கள். பெரிய பாறையின் மறைவில், இரண்டு கரை மரங்களும் மேலே கைகோத்த இடத்தில், ஓடை திரும்பும் முடக்கில் கட்டாயம் ஒன்று கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு, பின்னணியில் வெயில் பட்ட இலைக் கொத்து ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். இலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தால் இன்னும் நல்லது, இலை தானாக ஒளிரும்.

வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். மேலே மரங்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தாலும் கண் நேராக அங்கேதான் போகும். உங்கள் 18-55-ல் எல்லோரும் 18-இலேயே (அகலக் காட்சியிலேயே) நின்றுவிடுகிறார்கள். 35, 50 பக்கம் வந்து, ஒரு பாறை, ஒரு வீழ்ச்சி, ஒரு வேர் என்று சின்னதாக எடுத்துப் பாருங்கள். ஓடை முழுவதையும் ஒரே படத்தில் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளியஞ்சோலை கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம். அதாவது காலை வெயில் நேராக உள்ளே வரும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது, துறையூர்ப் பக்கம் சமவெளியில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, ஓடைப் பள்ளத்தில் மட்டும் மலையின் நிழல் வந்துவிடும். வானம் வெளிச்சமாக இருக்கும், நேர் வெயில் இருக்காது. நுரை, பாறை, வேர், பாசி எல்லாமே ஒரே சீரான வெளிச்சத்தில் கிடைக்கும் நேரம் அது. நீங்கள் போய்ச் சேருகிற பதினொரு மணிதான் உள்ளதிலேயே கடினம்.

அரசலாறு (கும்பகோணம்)

அக்கா, இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. குடும்பத்தோடு போவதால் காலையில் சீக்கிரம் கிளம்பி மாலையில் சீக்கிரம் திரும்பத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அதை மாற்றிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: வெயில் காலத்துக்கும் டிசம்பருக்கும் இதில் வித்தியாசம் இருக்குமா?

குடமுருட்டி (திருவையாறு)

நிறைய இருக்கிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். கிளைகளின் இடைவெளி வழியாக வெயில் செங்குத்தாக ஓடைக்குள் இறங்கும், பாறை முகம் எதுவும் தப்பாது. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட 55 டிகிரி உயரம்தான். வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும், தென்கரை மரங்கள் நன்றாக மறைக்கும். அதனால் டிசம்பரில் பகல் நேரத்திலேயே நிழலில் இருக்கும் நுரை அதிகம் கிடைக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்த கையோடு ஓடையில் தண்ணீரும் இருக்கும்.

மேகம் வந்தால் விடாதீர்கள். ஒரு துண்டு மேகம் சூரியனைக் கடக்கும் நேரம் போதும். ட்ரைபாடில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி காத்திருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை

ஃபில்டர் கேள்விக்கு வருகிறேன். ஒன்றுதான் என்றால் போலரைசர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

என்டி செய்வது வெளிச்சத்தைக் குறைப்பது மட்டும். காட்டு நிழலில் வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. மேலே சொன்ன கணக்கிலேயே ஐஎஸ்ஓ 100, எஃப் 11-க்கு 1/3 விநாடி வந்துவிடுகிறது, தண்ணீர் இழுவை தெரிய அதுவே போதும். போலரைசர் தானே ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தைத் தின்னும், அப்போது ஒரு விநாடியை நெருங்கிவிடுவீர்கள். என்டியின் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் அதற்காக வாங்கச் சொல்லவில்லை. ஈரப் பாறையும் ஈர இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பை வேறு எதனாலும் எடுக்க முடியாது, பிறகு கணினியில் உட்கார்ந்தும் எடுக்க முடியாது. போலரைசரைத் திருப்பினால் பளபளப்பு விலகி, இலையின் பச்சையும் பாறையின் நிறமும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லும் தெரியும். தண்ணீர்ப் பரப்போடு 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் வேலை உச்சம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீரில் நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே பார்த்தால் பலனில்லை.

முழுசாகத் திருப்பி எல்லாப் பளபளப்பையும் துடைத்துவிட்டால் பாறை ஈரமாக இருப்பதே தெரியாது, படம் உயிரில்லாமல் போகும். திருப்பிக்கொண்டே வந்து, ஈரம் கொஞ்சம் மின்னும் இடத்தில் நிறுத்துங்கள். டிஎஸ்எல்ஆருக்கு சர்க்குலர் போலரைசர் என்று கேட்டு வாங்க வேண்டும், லீனியர் வேண்டாம். ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.

நாகைக்காரர்

கேமரா இல்லாதவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன். என்னிடம் ஃபோன்தான்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

ஃபோனில் நுரை இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். குடமுருட்டி சொன்ன நிழல் விதி ஃபோனுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும், சென்சார் சின்னது. ஃபோன் தானாகவே பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் ஓடும் தண்ணீர் சில சமயம் மெழுகு பூசியதுபோல வரும். ப்ரோ முறை இருந்தால் ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்கி, ஏதாவது ஒரு பாறையில் ஃபோனைச் சாய்த்து வைத்து 1/8, 1/4 விநாடி முயலலாம். ஐஃபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

மன்னைவாசி

> ஒரு விநாடியை நெருங்கிவிடுவீர்கள்

இதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. எல்லா ஓடைப் படத்திலும் தண்ணீரைப் பாலாகக் காய்ச்சி ஊற்றிவிடுகிறார்கள். ஓடைக்கு ஒரு வேகம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது. பாலாக்கினால் இரண்டுமே போய்விடுகின்றன. 1/500, 1/1000 வைத்து, துளி தெறிப்பதை எடுக்கலாமே?

கொள்ளிடக்கரை

எடுக்கலாம், ஆனால் காட்டு நிழலில் 1/1000-க்கு ஐஎஸ்ஓவை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள்? எஃப் 4 வைத்தால்கூட மூவாயிரத்தைத் தாண்டிவிடும், வெளிச்சம் இன்னும் மங்கினால் ஆறாயிரம். துளியை உறைய வைக்க வெயில் வேண்டும். அப்போது மறுபடி அந்த வெளுத்த நுரைப் பிரச்சினைக்கே வருகிறோம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பாலாகிப் போவது இரண்டு, மூன்று விநாடி தாண்டினால்தான். 1/5 முதல் 1/2 விநாடி வரை தண்ணீரின் இழை தனித்தனியாகத் தெரியும், எந்தப் பாறையைச் சுற்றி எப்படித் திரும்புகிறது என்று கோடு போட்டுக் காட்டும். மன்னைவாசி கேட்கிற வேகம் அதில் இருக்கிறது என்பது என் கருத்து. 1/30, 1/60 இரண்டும் கெட்டான், தண்ணீர் கலங்கலாகவே வரும். இந்த எண்களெல்லாம் தண்ணீரின் வேகத்தையும் நீங்கள் எவ்வளவு நெருங்கி நிற்கிறீர்கள் என்பதையும் பொறுத்து மாறும். நெருங்கி நின்றால் அதே வேகம் அதிகமாக இழுபடும். ஒரே இடத்தில் 1/8, 1/4, 1/2, 1 என்று வரிசையாக எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எஃப் 16-க்கு மேல் போக வேண்டாம், கூர்மை மங்கும். எஃப் 8, எஃப் 11 போதும்.

மன்னைவாசி

சரி, 1/4 வைத்துப் பார்க்கிறேன். பாலுக்கு மட்டும் நான் வர மாட்டேன்.

புதுஆறு (தஞ்சாவூர்)

அரையாண்டு விடுமுறை வரைக்கும் காத்திருக்காமல் இங்கேயே பழகலாமே? மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அந்த இடைக்காலம் முழுக்க நமக்கு ஓடும் தண்ணீர் இருக்கிறது. பாறை இல்லை, அவ்வளவுதான். வாய்க்கால் தலைப்பில், சட்ரஸுக்கு (மதகுக் கதவுக்கு) கீழே தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் புரண்டு போகும். கரையில் மூங்கில் கொத்தும் மருதமும் இருந்தால் அதே துண்டு துண்டான வெயில், அதே வெள்ளை நுரை, அதே கறுத்த ஈரச் சுவர். 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்றுதான் சொல்வோம். தஞ்சாவூருக்குள் அதன் கரையில் மர நிழலும் உண்டு, பாலங்களும் உண்டு. ஹைலைட் எச்சரிக்கை, போலரைசர் திருப்புவது, 1/4 விநாடியில் இழை வருவது எல்லாவற்றையும் அங்கே கைக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் தண்ணீர் வண்டல் கலந்தது. போலரைசரை முழுக்கத் திருப்பினால் வானத்தின் பிரதிபலிப்பு போய், பழுப்பு மட்டும் மிஞ்சும். இங்கே பிரதிபலிப்பை விட்டுவைப்பதுதான் அழகு என்று நினைக்கிறேன். மலையோடைக்கு நேர் எதிர்.

கரையில் நின்றே எடுங்கள். சட்ரஸுக்குக் கீழே இறங்கவே கூடாது, அடியில் சுழல் இருக்கும். தண்ணீர் விடும் அளவும் சொல்லாமல் மாறும்.

கொள்ளிடக்கரை

அந்த எச்சரிக்கை புளியஞ்சோலைக்கும் சேர்த்துத்தான். கொல்லிமலை மேல் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் தண்ணீர் ஏறும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, ட்ரைபாடை எடுத்துக்கொண்டு அப்போதே கரையேறுங்கள். பாசி பிடித்த பாறையில் செருப்போடு ஏற வேண்டாம். வனத்துறை எந்த நேரம் வரை அனுமதிக்கிறது, அன்றைக்குத் தண்ணீர் நிலைமை என்ன என்று போகும் முன் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலை நிழலுக்காகக் காத்திருந்து நேரம் தாண்டிவிடக் கூடாது.

ட்ரைபாட் காலைத் தண்ணீருக்குள் வைத்தால் ஓட்டத்தில் அதிரும், ஒரு விநாடிப் படத்தில் அது தெரியும். மூன்று காலும் பாறையில் நிற்கும்படி வையுங்கள், நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

நாகைக்காரர்

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. காட்டுக்குள் எடுக்கும் ஆட்கள் படமெல்லாம் முகம் பச்சையாக வருகிறது. பாறையும் அப்படித்தான்.

குடமுருட்டி (திருவையாறு)

நல்ல கேள்வி. மரத்தடி வெளிச்சம் இலை வழியாக வடிகட்டி வருவதால் பச்சை ஏறும். திறந்த நிழலாக இருந்தால் நீல வானத்தின் வெளிச்சம், நீலம் ஏறும். வெயில் துண்டு மஞ்சள். மூன்றும் ஒரே படத்தில் இருக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலையைக் கேமராவே தீர்மானிப்பது) படத்துக்குப் படம் மாற்றிப் போடும். ராவில் எடுப்பதால் பிறகு திருத்தலாம். நிழலில் இருக்கும் நுரையை வெள்ளை என்று காட்டித் திருத்தினால் பெரும்பாலும் சரியாக அமையும். ஆனால் முழு வெள்ளையாக்காதீர்கள். நிழல் நுரையில் லேசாக நீலம் இருந்தால்தான் குளிர்ச்சி தெரியும். பச்சையை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள்.

இலைகளின் பச்சையை அளவுக்கு மீறி ஏற்றுவதை யாராவது நிறுத்தினால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். டிசம்பர் காட்டில் மஞ்சள் பச்சை, கரும்பச்சை, துளிர்ச் சிவப்பு என்று பல நிறம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பச்சையாக்கினால் காடு நர்சரித் தோட்டம் ஆகிவிடும்.

அரசலாறு (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. போலரைசர் வாங்குகிறேன், அதுவரை அரசலாற்று வாய்க்கால் தலைப்பில் பழகுகிறேன். விடுமுறையில் மதியச் சாப்பாட்டைத் துறையூரிலேயே முடித்துவிட்டு உள்ளே போகத் திட்டம். கடைசியாக இரண்டு கேள்விகள். போலரைசர் என்ன அளவில் வாங்குவது? ஈரத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

கொள்ளிடக்கரை

அளவு லென்ஸின் முன் வளையத்தில் அல்லது மூடியின் உட்புறம் எழுதியிருக்கும். 18-55 கேனானில் பெரும்பாலும் 58 மிமீ, நிக்கானில் பழையதற்கு 52, ஏஎஃப்-பி லென்ஸுக்கு 55. பின்னால் பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 67 அல்லது 77-ல் போலரைசர் வாங்கி, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வளையம் விலை குறைவு, போலரைசரை இன்னொரு முறை வாங்க வேண்டியிருக்காது.

பூஞ்சைக்கு: திரும்பி வந்ததும் பையை மூடியே வைக்காதீர்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பிறகு ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் வாங்குங்கள். ஈரம் ஏறியதும் நிறம் மாறிவிடும், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரம்தான், ஓடைக்குப் போகாதவர்களுக்கும் இந்த டப்பா தேவை. ஏசி காரில் போனால் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியைத் திறந்துவிடுங்கள், லென்ஸில் பனி படியாது.